தேவ அழைப்பை உணரும் வழி

மாந்தர் வாழ்க்கையில் எழும் வினாக்களுள் தலையாயது, "யான் எப்பணிக்கென்று படைக்கப்பட்டேன்?" என்பதாம். கல்லூரிப் படிப்பின் இறுதியாண்டில் நிற்கும் இளைஞர்க்கு இது வெறுந் தத்துவ விசாரணை அன்று. சில திங்களுக்குள் விடை கூறியே தீரவேண்டிய வினா. பெற்றோர் ஒன்றை விரும்புவர்; உற்றார் மற்றொன்றை விரும்புவர்; ஊதியம் ஒரு பக்கம் இழுக்கும்; உள்ளம் வேறொரு பக்கம் சாயும். இவற்றிடையே கடவுளின் திருவுளம் இன்னதென்று பிரித்தறிவது யாங்ஙனம்? கிறிஸ்து மார்க்கத்தார் இதனை 'அழைப்பு' என்று வழங்குவர். இச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் குருப்பட்டத்தையும் துறவு மடத்தையுமே பலர் நினைப்பர். அது குறையுடைய நினைப்பு. செருப்புத் தைப்பவனும் கொல்லனும் உழவனும் செய்யும் தொழில், குருவின் தொழிலுக்குக் கடவுள் முன்னிலையில் தாழ்ந்ததன்று எனப் பதினாறாம் நூற்றாண்டிலேயே மார்ட்டின் லூத்தர் வற்புறுத்தினார். ஆகவே ஆசிரியராவதா, மருத்துவராவதா, இல்லறம் நடத்துவதா, திருப்பணிக்கு ஒப்புக்கொடுப்பதா என்பன யாவும் அழைப்பைப் பற்றிய வினாக்களே.

இவ்வினாவுக்கு விடை காண்பான் வேண்டி மேனாட்டுக் கிறிஸ்தவருள் பலர், சென்ற ஐம்பது அறுபது ஆண்டுகளாக, இரண்டு பழைய ஊற்றுக்களை மீண்டும் நாடலாயினர். ஒன்று, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட இங்கிலாந்து ஆகிய பகுதிகளில் ஐந்தாம் நூற்றாண்டு முதல் தழைத்த கெல்டிக் பக்திநெறி. மற்றொன்று, இஞ்ஞாசியார் வகுத்த முறையில் ஒரு வழிகாட்டியின் துணைகொண்டு மௌனத்தில் தங்கி ஜெபிக்கும் ஞானவொடுக்கம். இவ்விரண்டையும் கண்மூடிப் போற்றுவாரும் உளர். கண்மூடி இகழ்வாரும் உளர். எமது கருத்து இவ்விரு திறத்தார் கருத்துக்கும் வேறானது. தனிமை, உற்ற துணைவர், சபை ஆகிய மூன்றும் ஒருங்கே கூடி உரைக்கும்போதுதான் அழைப்பு தெளிவாகும். அம்மூன்றனுள் ஒன்றை மட்டும் பற்றுவோர் ஏமாறுவர். இதனைக் கெல்டிக் சரித்திரத்தைக் கொண்டே நாட்டுவாம்.

கி.பி. 563ஆம் ஆண்டில் கொலும்பா என்னும் ஐரிஷ் துறவி பன்னிரு தோழருடன் கடல் கடந்து, ஸ்காட்லாந்தின் மேல்கரையோரத்துள்ள அயோனா என்னும் தீவை அடைந்தார். ஏறக்குறைய மூன்று மைல் நீளமும் ஒன்றரை மைல் அகலமுமே உடைய சிறு தீவு அது. அவர் நாடு துறந்தமைக்கு ஒரு போரும் அதன் விளைவான மனத்துயரமுமே காரணம் எனப் பிற்காலக் கதைகள் கூறும். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து அவர் வரலாற்றை எழுதிய அதோம்னான் என்னும் மடத்தலைவரோ, கிறிஸ்துவின்பொருட்டு யாத்திரிகராக வாழ விரும்பியே அவர் புறப்பட்டார் என்பர். எவ்வாறாயினும், அவர் தனித்துச் செல்லவில்லை என்பது கருதத்தக்கது. பன்னிருவர் உடன் சென்றனர், சென்ற இடத்தில் உழுதனர், மீன் பிடித்தனர், நூல்களைப் படியெடுத்தனர், வேளை தவறாது சங்கீதம் பாடினர். 597ஆம் ஆண்டில் தாம் இறப்பதற்கு முதல்நாள்கூடக் கொலும்பா சங்கீதப் புத்தகத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்தார் என்றும், ஒரு பக்கத்தின் முடிவில் நிறுத்தி, எஞ்சியதைத் தம் மாணாக்கர் எழுதட்டும் என்றார் என்றும் அதோம்னான் எழுதுகின்றார். அழைப்பு என்பது ஒருவரே எழுதி முடிக்கும் ஏடன்று; ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடரும் ஏடு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அயோனாவிலிருந்து எழுந்த மற்றொரு வரலாற்றை எட்டாம் நூற்றாண்டின் பெருஞ் சரித்திராசிரியராகிய பீட் முனிவர் உரைக்கின்றார். வட இங்கிலாந்திலுள்ள நார்தம்பிரியாவின் அரசன் ஆஸ்வால்ட், தன் குடிகளுக்குச் சுவிசேஷம் உரைக்கத்தக்க ஒருவரை அனுப்புமாறு அயோனா மடத்தாரை வேண்டினான். முதலில் சென்றவர் கடுமையான இயல்பினர். மக்கள் அவர் சொல்லைக் கேட்டிலர். அவர் திரும்பிவந்து, "அம்மக்கள் திருந்தா முரடர்" என்னும் கருத்துப்பட மடத்துச் சபையில் முறையிட்டார். அப்போது அங்கிருந்த ஐடன் என்னும் துறவி, கல்லாத மக்களுக்கு முதலில் பாலூட்டுவதுபோல் எளிய போதனையை ஊட்டியிருத்தல் வேண்டும் என்று மெல்ல எடுத்துரைத்தார். சபையார் அனைவரும் அவர் முகத்தை நோக்கினர். செல்லத்தக்கவர் இவரே என அக்கணமே துணிந்தனர். ஐடன் 635ஆம் ஆண்டில் லிண்டிஸ்பார்ன் தீவில் தம் மடத்தை நிறுவினார். அந்நாட்டு மொழி அவர்க்கு நன்கு வாராமையால், தொடக்கத்தில் அரசனே அவர் போதனையை மொழிபெயர்த்து உரைத்தான். செல்வர் அளித்த பொருளைக்கொண்டு அடிமைகளை மீட்டார். ஊர்தோறும் கால்நடையாகவே சென்றார்.

இவ்வரலாற்றில் ஐடன் தம்மை அனுப்புமாறு கேட்டதாக ஒரு சொல்லும் இல்லை. கனவு கண்டதாகவும் இல்லை. அசரீரி கேட்டதாகவும் இல்லை. அவரிடமிருந்த சாந்தத்தைச் சபையார் கண்டனர். அவர் வாயினின்று வந்த ஒரு கருத்துரையிலேயே அவருக்குரிய பணியைக் கேட்டனர். நம்மிடத்துள்ள வரத்தை நமக்கு முன்னரே பிறர் அறிவர் என்னும் உண்மை இதனால் விளங்குகின்றது. ஆதலின், தன் அழைப்பைத் தேடும் இளைஞன் முதற்கண் தன்னோடு பழகுவார் தன்னைப்பற்றி என்ன காண்கின்றனர் என்பதைச் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும்.

கத்பெர்ட்டின் வரலாறு சிறிது வேறானது. அவர் இளமையில் மலைச்சாரலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். 651ஆம் ஆண்டில் ஓரிரவு ஏனைய மேய்ப்பர் உறங்க, அவர் ஜெபத்தில் விழித்திருந்தார். ஓர் ஆன்மாவைத் தேவதூதர் விண்ணுலகுக்கு எடுத்துச் செல்லக் கண்டார். ஐடன் அவ்வேளையில் மரித்தார் என்பது பின்னர்த் தெரியவந்தது. உடனே ஆடுகளை உரியவரிடம் ஒப்புவித்துவிட்டு, மெல்ரோஸ் மடத்தை நாடிச் சென்றார். காட்சி கண்டவர் தாமே போதகராகப் புறப்பட்டாரல்லர் என்பதை நோக்குக. மெல்ரோஸில் பாய்சில் என்னும் பெரியார் இருந்தமையாலேயே அம்மடத்தை அவர் தெரிந்துகொண்டார் எனப் பீட் முனிவர் கூறுகின்றார். காட்சி அவரைக் குருவினிடத்துச் செலுத்தியது. குருவோ அவரை வேதத்தினிடத்துச் செலுத்தினார்.

பின்னர்க் கொள்ளைநோய் கண்ட காலத்தில், தமக்கு இன்னும் ஏழு நாளே உள என்பதை உணர்ந்த பாய்சில், அவ்வேழு நாளில் தம்மிடம் கற்க வேண்டுவதைக் கற்றுக்கொள்ளுமாறு கத்பெர்ட்டை அழைத்தார். இருவரும் யோவான் சுவிசேஷத்தை நாளொரு பகுதியாக ஏழு நாளில் படித்து முடித்தனர். நுண்ணிய வாதங்களை விடுத்து, அன்பினால் செயற்படும் விசுவாசத்தையே அவர்கள் அதில் நாடினராம். ஏழாம் நாள் பாய்சில் உயிர் துறந்தார். ஓர் ஆசான், ஒரு மாணாக்கன், ஒரு சுவிசேஷம், ஏழு நாள்: இக்காலத்து வழிகாட்டப்பெறும் ஞானவொடுக்கத்தின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருத்தலைக் காண்மின்!

கத்பெர்ட் தனிமையை மிகவும் காதலித்தவர். 676ஆம் ஆண்டளவில் பார்ன் என்னும் சிறு தீவில் குடில் கட்டிக்கொண்டு தனித்துறைந்தார். அதுவே தம் இறுதி அழைப்பு என்று எண்ணினார். ஆயின் 684ஆம் ஆண்டில் கூடிய சபை அவரை அத்தியட்சராகத் தெரிந்தெடுத்தது. திருமுகங்கள் பல விடுத்தும் அவர் அசையவில்லை. இறுதியில் அரசன் எக்பிரித் தானே ஓடமேறித் தீவுக்குச் சென்று மண்டியிட்டு வேண்ட, கண்ணீருடன் இசைந்தார். 685ஆம் ஆண்டில் அபிஷேகம் பெற்று, ஏறக்குறைய ஈராண்டு ஊர்தோறும் நடந்து உழைத்து, மீண்டும் தம் தீவையடைந்து, 687ஆம் ஆண்டில் அங்கேயே மரித்தார். தம் விருப்பம் ஒன்று, சபையின் விருப்பம் மற்றொன்று என்றிருந்தபோது, அவர் சபைக்குச் செவிசாய்த்தார். ஆனால் தனிமையில் பெற்ற சாரம் அவரோடு ஊர்களுக்குச் சென்றது.

இனி, ஹில்டா அம்மையாரை நோக்குவோம். அரச குடும்பத்திற் பிறந்த இவர் தம் முப்பத்துமூன்றாம் வயதில் துறவு பூண்டார். தம் தமக்கையார் இருந்த பிரான்சு தேசத்து மடத்துக்குச் செல்லவே இவர் கருதியிருந்தார். ஐடன் இவரைத் திருப்பி அழைத்து, வியர் ஆற்றங்கரையில் சிறு நிலம் ஒன்றில் வாழச் செய்தார். பின்னர் 657ஆம் ஆண்டில் விட்பி மடத்தை நிறுவி, ஆடவரும் பெண்டிரும் அடங்கிய பெருங் கூட்டத்துக்கு இவர் தலைவியானார். அம்மடத்தில் மாடு காப்பவராக இருந்த கேட்மன் என்பவர், விருந்தில் யாழ் தம்மை அணுகுங்கால், பாடத் தெரியாமையால் எழுந்து தொழுவத்துக்குச் சென்றுவிடுவார். ஓரிரவு கனவில் ஒருவர் தோன்றிப் படைப்பைப்பற்றிப் பாடுமாறு ஏவ, அவர் பாடினார். மறுநாள் இச்செய்தி ஹில்டாவுக்கு எட்டியது. அவர் கேட்மனை இகழவும் இல்லை. கேட்டவுடன் நம்பிவிடவும் இல்லை. கற்றோர் பலரைக் கூட்டி, அக்கனவையும் பாடலையும் அவர்முன் உரைக்கச் செய்தார். பின் வேத சரித்திரத்தில் ஒரு பகுதியை எடுத்துக் கூறி, அதனைப் பாட்டாக்குமாறு பணித்தார். மறுநாட் காலையில் கேட்மன் அதனை இனிய செய்யுளாக்கிக் கொணர்ந்தார். அதன் பின்னரே அது கடவுள் அளித்த வரம் எனத் தெளிந்து, அவரை மடத்தில் சேர்த்துக்கொண்டனர். கனவு தனிமையில் வந்தது. சோதனை சபையில் நிகழ்ந்தது. பயன் உலகுக்கு வாய்த்தது.

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை உள்ளங்கை நெல்லிக்கனிபோல் விளங்கும். கெல்டிக் அடியார் எவரும் தம் அழைப்பைத் தாமே தமக்கு உறுதி செய்துகொண்டாரல்லர். ஐரிஷ் மடங்களில் 'ஆன்ம நண்பர்' என்னும் பொருள்படும் 'அனம்கரா' என்ற பதம் வழங்கிற்று. தம் உள்ளத்தை ஒளியாது திறந்து காட்டி, அறிவுரையும் கண்டனமும் பெறுதற்கு ஒவ்வொருவரும் இத்தகைய ஒருவரைக் கொண்டிருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்நண்பர் இல்லாதவன் தலையில்லா உடம்பை ஒப்பான் என்று அவர் கருதினர். இந்நட்பு புகழ்ச்சி பேசும் நட்பன்று, இடித்துரைக்கும் நட்பு.

கெல்டிக் நெறியில் இதற்கு மாறான ஒரு போக்கும் இருந்தது என்பதை மறைத்தல் கூடாது. 891ஆம் ஆண்டில் ஐரிஷ் யாத்திரிகர் மூவர் துடுப்பில்லாத ஓடத்தில் ஏறி, ஏழு நாளைக்கு மட்டும் உணவு கொண்டு, கடவுளின்பொருட்டு எங்கே ஒதுங்கினும் சரியென்று புறப்பட்டு, கார்ன்வால் கரையில் ஒதுங்கினர் என்று பழைய ஆங்கில ஆண்டுக்குறிப்பு உரைக்கின்றது. அவ்வோடம் இரண்டரைத் தோலால் ஆனது எனவும் அது கூறும். கரையேறிய மூவரும் ஆல்பிரெட் மன்னனைக் கண்டனர். இக்காலத்தில் கெல்டிக் பக்தியைப் புகழ்வோர் இந்நிகழ்ச்சியை விரும்பி எடுத்துரைப்பர். அம்மூவரின் துணிவு வியத்தற்குரியதே. ஆயினும் அதனைப் பொதுவிதியாகக் கொள்ளுதல் தகாது. தாயும் தங்கையும் தன்னை எதிர்நோக்கியிருக்கும் ஓர் இளைஞன், துடுப்பை எறிந்துவிடுதலே விசுவாசம் என்று எண்ணுவானாயின், மூழ்குவது அவன் ஓடம் மட்டுமன்று. துடுப்பைப் பிடித்துக்கொண்டே காற்றை உற்றுணர்தல் அதனினும் கடினமான விசுவாசம்.

நிற்க. ஞானவொடுக்கத்தைப்பற்றிச் சிறிது கூறுவாம். 1521ஆம் ஆண்டு மே திங்கள் 20ஆம் நாள், ஸ்பெயின் தேசத்துப் பம்பலோனா நகரில் நிகழ்ந்த போரில், இஞ்ஞாசியார் என்னும் வீரர் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து வீழ்ந்தார். நோயுற்றுக் கிடந்த நாட்களில் வீரர் கதைகளைப் படிக்க விரும்பினார். அவை அவ்வீட்டில் கிட்டாமையால், கிறிஸ்துவின் சரித்திரமும் அடியார் சரித்திரமுமே அவருக்குத் தரப்பட்டன. உலகப் புகழைப்பற்றிய எண்ணங்களும் இன்பமளித்தன. அடியாரைப் பின்பற்றும் எண்ணங்களும் இன்பமளித்தன. ஆனால் முன்னவை மறைந்த பின் உள்ளம் வறண்டது. பின்னவை மறைந்த பின்னும் உள்ளம் குளிர்ந்தேயிருந்தது. இவ்வேறுபாட்டை அவர் உற்றுநோக்கினார். எண்ணம் எழும்போது தரும் இன்பத்தைவிட, அது விட்டுச்செல்லும் சுவடே அதன் மூலத்தைக் காட்டும் என்று கண்டார். அக்கண்டுபிடிப்பினின்று எழுந்ததே, 1548ஆம் ஆண்டில் அச்சாகி வெளிவந்த அவரது ஞானப் பயிற்சி நூல்.

அப்பயிற்சி முழுவதும் ஏறக்குறைய முப்பது நாள் நிகழ்வது. நான்கு 'வாரங்க'ளாக வகுக்கப்பட்டது. தன் பாவநிலையை உணர்தல், கிறிஸ்துவின் வாழ்க்கையை நோக்கல், அவர் பாடுகளில் பங்குகொள்ளல், அவர் உயிர்த்தெழுதலில் மகிழ்தல் என்பன அவற்றின் முறை. இதனைச் சுருக்கி எட்டு நாளில் நடத்துவாரும் உளர். தங்குவோர் மௌனம் காப்பர். நாளொன்றுக்கு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமளவு, வேதப்பகுதி ஒன்றைக் கொண்டு ஜெபிப்பர். அப்பகுதியிலுள்ள இடத்தையும் மாந்தரையும் மனக்கண்முன் நிறுத்தி, தாமும் அங்கே நிற்பதாகக் கருதுவர். ஜெபம் முடிந்தபின், எங்கே உள்ளம் கனிந்தது, எங்கே வெறுத்தது என்பதைக் குறித்துக்கொள்வர். நாள்தோறும் ஒருமுறை வழிகாட்டியைக் கண்டு அவற்றைச் சொல்வர். அவரோ பெரிதும் கேட்பார், சிறிதே பேசுவார், மறுநாளைக்குரிய வேதப்பகுதியைக் கொடுத்து அனுப்புவார். கத்தோலிக்கரிடையே தோன்றிய இம்முறையை இன்று ஆங்கிலத் திருச்சபையாரும் மெதடிஸ்தரும் பிறரும் தயக்கமின்றிக் கைக்கொள்ளுகின்றனர்.

வழிகாட்டிக்கு இஞ்ஞாசியார் விதித்த ஒரு கட்டளை பொன்போற் போற்றத்தக்கது. பயிற்சி செய்வானை இன்ன நிலைக்கென்று அவர் தூண்டலாகாது; குருப்பட்டத்தின் பக்கமாகவும் சாய்க்கலாகாது; துலாக்கோலின் நடுமுள்போல் நின்று, படைத்தவரும் படைக்கப்பட்டவனும் நேரே உறவாட விட்டுவிடுதல் வேண்டும் என்பது அது. ஆள் சேர்க்கும் ஆர்வத்தால் இளைஞரின் கண்ணீரைப் பயன்படுத்தி வாக்குறுதி வாங்கும் கூட்டங்களை நாம் அறிவோம். ஒரு மாலைப்பொழுதின் உணர்ச்சிப் பெருக்கில் எழுந்து நின்றவர், பத்தாண்டு கழித்துக் கசப்புடன் பணிசெய்தலையும் அறிவோம். அத்தகைய கூட்டத்துக்கும் இவ்வொடுக்கத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு.

இவ்விரு நெறிகளும் இடத்தாலும் சந்தித்தன எனலாம். வட வேல்ஸிலுள்ள ஓர் இயேசு சபைக் கல்வி நிலையம், ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பேனோ என்னும் வேல்ஸ் அடியாரின் பெயரைத் தாங்கியது. இன்று அது ஞானவொடுக்க இல்லமாக விளங்குகின்றது. அங்கே 1874 முதல் 1877 வரை ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ் என்னும் கவிஞர் குருத்துவக் கல்வி பயின்றார். 1868ஆம் ஆண்டில் இயேசு சபையிற் சேர்ந்தபோது, கவிதை தம் துறவுக்குத் தடையாகும் என்றெண்ணித் தம் பாக்களைத் தீக்கிரையாக்கியவர் அவர். மேலோர் விரும்பினாலன்றி எழுதுவதில்லை என்று உறுதிபூண்டவர். 1875ஆம் ஆண்டு இறுதியில் 'டாயிச்லாந்து' என்னும் கப்பல் உடைந்து கன்னியர் ஐவர் மாண்டனர். அச்செய்தியால் உருகிய அவரிடம், அதனைப்பற்றி யாரேனும் பாடினால் நலமாயிருக்கும் என்று நிலையத் தலைவர் கூறினார். அவ்வொரு சொல் ஏழாண்டு மௌனத்தைத் திறந்தது. ஹில்டாவுக்கும் கேட்மனுக்கும் இடையே நிகழ்ந்ததும், ஆயிரத்திருநூறு ஆண்டு கழித்து இங்கே நிகழ்ந்ததும் ஒன்றே அன்றோ? ஒருவர் தாமே புதைத்த தாலந்தை மற்றொருவர் தோண்டியெடுத்துக் கையிற் கொடுத்தார்.

இனி, எதிர்வாதங்களை ஆராய்வோம். 'கெல்டிக் பக்தி என்பது இக்காலத்தார் புனைந்த அழகிய கற்பனை' என்பர் ஒரு சாரார். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. 1993ஆம் ஆண்டில் கெல்டிக் நெறியைப் புகழ்ந்து நூலெழுதிய இயன் பிராட்லி என்னும் ஸ்காட்லாந்து அறிஞரே, 1999ஆம் ஆண்டில் எழுதிய மற்றொரு நூலில், ஒவ்வொரு தலைமுறையும் தன் கனவுகளை அப்பழங்காலத்தின்மேல் ஏற்றிப் பார்த்தது என்று காட்டினார். கேலிக் மொழிப் புலவராகிய டொனால்ட் மீக், 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அம்மொழியறியாதார் எழுதும் மென்மையான சித்திரங்களைக் கடுமையாகக் கண்டித்தார். பழைய ஐரிஷ் துறவியர் கடற்கரைக் காற்றை நுகர்ந்து களித்திருந்தவர் மட்டுமல்லர். கடும் நோன்பும் தவமும் கீழ்ப்படிதலும் உடையவர். அவர்தம் தண்டனை விதிகளைப் படிப்பார்க்கு உடல் நடுங்கும். ஆகவே அலையோசையும் மெழுகுவர்த்தியும் சிலுவைச் சித்திரமுமே கெல்டிக் பக்தி என்று விலைகூறுவாரை நம்பற்க. ஆனால் போலி நாணயம் உலவுவதால் பொன் இல்லையென்று ஆகாது. பீட் முனிவர் எழுதிய வரலாறுகள் இன்றும் உள; அவற்றையே கற்போமாக.

'உள்ளத்தில் தோன்றுவதைக் கடவுளின் குரல் என்று கொள்ளுதல் ஆபத்து' என்பர் மற்றொரு சாரார். மெய்யே. அதனாலன்றோ சோதனைகள் வகுக்கப்பட்டன? உள்ளம் சோர்ந்து இருண்டிருக்கும் வேளையில் முன்செய்த தீர்மானத்தை மாற்றலாகாது என்பது இஞ்ஞாசியார் விதிகளுள் ஒன்று. முன்பின் அறியாத ஒருவன் இதே நிலையில் நம்மிடம் யோசனை கேட்பானாயின் என்ன கூறுவோமோ, அதனையே நமக்கும் கூறிக்கொள்ளுதல் வேண்டும் என்பது மற்றொன்று. மரணப் படுக்கையில் கிடக்கும்போது எதனைத் தெரிந்திருக்க விரும்புவோம் என்று எண்ணிப்பார்த்தல் பிறிதொன்று. நன்மை தீமைகளை நிரல்பட வைத்து அறிவினால் நிறுத்துப் பார்க்கவும் அவர் கற்பித்தார். இவை உணர்ச்சிக்கு அடிமையாக்கும் விதிகளல்ல. உணர்ச்சியை அறிவின் மன்றத்தில் நிறுத்தும் விதிகள்.

மூன்றாவது வாதமே எம் உள்ளத்தைப் பெரிதும் தைப்பது. 'எட்டு நாள் தனித்திருத்தற்கு ஓய்வும் பொருளும் யாருக்கு உண்டு? கூலிக்கு உழைப்பவனுக்குக் கடவுள் அழைப்பு இல்லையோ?' என்பதே அது. இதற்கு விடை அவ்விரு நெறிகளிலேயே உளது. அலெக்சாந்தர் கார்மைக்கேல் என்னும் சுங்க வரி அலுவலர், ஸ்காட்லாந்தின் மேற்றிசைத் தீவுகளில் பல்லாண்டு சுற்றி, எளிய மக்கள் வாய்மொழியாகப் போற்றிய ஜெபங்களைத் திரட்டி, 1900ஆம் ஆண்டில் இரு பாகமாக வெளியிட்டார். அவர் சிலவற்றைத் தம் கையால் செப்பஞ்செய்தார் என்னும் குறை கூறப்படுவதுண்டு. எனினும் அடுப்பு மூட்டவும், பால் கறக்கவும், தறி நெய்யவும், இரவில் தணலை மூடவும் அம்மக்கள் தனித்தனி ஜெபம் கொண்டிருந்தனர் என்பது மெய். அவர்க்கு அடுப்பங்கரையே ஆலயமாயிற்று. இஞ்ஞாசியாரும், அலுவல் மிகுந்தோர் வீட்டைவிட்டு நீங்காமலே, நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரமளவு ஒதுக்கி, நீண்டநாட் பயிற்சியாக இதனைச் செய்ய வழிவகுத்தார். இன்று பிரிட்டனில் சபைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடைபெறும் 'வழிகாட்டு ஜெப வாரம்' அதன் எளிய வடிவம். நாள்தோறும் அரைமணி ஜெபம்; அரைமணி வழிகாட்டியோடு உரையாடல்; எஞ்சிய நேரம் வழக்கமான படிப்பும் தொழிலும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா.

உழைப்பையும் ஜெபத்தையும் பிரிக்கலாகாது என்பதை ஜார்ஜ் மக்ளவுட் என்னும் போதகர் செயலிற் காட்டினார். கிளாஸ்கோ நகரில் கப்பல் கட்டும் தொழிலாளர் நிறைந்த கோவன் என்னும் பகுதியில் அவர் ஊழியம் செய்தார். வேலையின்மையால் அம்மக்கள் பட்ட பாட்டைக் கண்டார். போதகராகப் பயின்ற இளைஞர்க்கும் அத்தொழிலாளர்க்கும் இடையே பேச்சே இல்லாதிருத்தலையும் கண்டார். 1938ஆம் ஆண்டில் வேலையற்ற கைத்தொழிலாளரையும் இளம் போதகரையும் ஒருங்கே அயோனாவுக்கு அழைத்துச் சென்று, சிதைந்து கிடந்த பழைய மடத்தைக் கட்டத் தொடங்கினார். கொத்தனுக்கு இளம் போதகர் கல் எடுத்துக் கொடுத்தனர். அக்கட்டட வேலை 1965ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. கல்லை ஏந்திய கையில்தான் பலர் தம் அழைப்பை உணர்ந்திருப்பர் என்று கருதுதல் மிகையாகாது.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திக் கூற விரும்புகின்றோம். ஒடுக்கத்துக்குச் சென்ற ஒருவர், 'எனக்குக் குருப்பணி உரியதன்று' என்று தெளிந்து திரும்புவாராயின், அவ்வொடுக்கம் தோல்வியுற்றதென்று பெற்றோரும் சபையாரும் முகஞ்சுளித்தலாகாது. பிள்ளை பிறக்குமுன்னரே நேர்ந்துகொண்டோம் என்றும், குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் போதகர் உளர் என்றும், வேறு வேலை கிடைக்கவில்லை என்றும் திருப்பணிக்குள் தள்ளப்படுவோரால் சபைக்கு வரும் கேடு சிறிதன்று. அவர்க்கு வரும் கேடோ அதனினும் பெரிது. அவ்வாறே, உள்ளத்தில் உறுதியான அழைப்பிருந்தும், 'சம்பளம் குறைவு' என்று தடுக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் வேறொருவர் வாழ்க்கையை வாழ்வோரும் உளர். 'ஆம்' என்பதும் 'இல்லை' என்பதும் இரண்டும் உரிமையோடு உரைக்கப்படுதல் வேண்டும். அவ்வுரிமை இல்லாத இடத்தில் அழைப்பு என்னும் சொல்லுக்கே பொருளில்லை.

மாணவ நண்பர்காள்! எமது கருத்தின் பிழிவு இதுவே. விடுமுறையில் சில நாளேனும், இயலாவிடின் நாள்தோறும் அரைமணியேனும், பேச்சொழிந்து வேதத்தோடு தனித்திருமின். உமக்கு இனிமையானதையன்றி உண்மையானதைச் சொல்லும் பெரியார் ஒருவரைத் தேடிக்கொண்மின். அவர் துலாக்கோலின் நடுமுள்போல் நிற்பவரா என்று ஆய்ந்து தெளிமின். உள்ளத்தில் எழும் ஆசைகளைக் குறித்துவைத்து, அவை விட்டுச்செல்லும் சுவட்டை நோக்குமின். சபையாரும் தோழரும் உம்மிடத்துக் காண்பதைக் கேண்மின். கருதிய பணியைச் சிறிய அளவில் செய்து பார்மின். போதகராக விரும்புவோர் முதலில் நோயுற்றோர் ஒருவரை வாரந்தோறும் சென்று காண்க. ஆசிரியராக விரும்புவோர் படிப்பில் பின்தங்கிய ஒரு சிறுவனுக்கு ஓராண்டு கற்பிக்க. ஹில்டா கேட்மனுக்கு வைத்த தேர்வு போன்றது இது.

லிண்டிஸ்பார்ன் தீவுக்குச் செல்லும் வழியைக் கடல் நாளுக்கு இருமுறை மூடும், இருமுறை திறக்கும். மூடிய வேளையில் அது தனித்த தீவு. திறந்த வேளையில் அது நாட்டின் ஒரு பகுதி. அங்கே மடம் அமைத்த ஐடன் ஜெபத்துக்காகத் தனித்திருப்பார். வழி திறந்தவுடன் மக்களிடம் நடப்பார். என்றும் மூடியே கிடக்கும் தனிமையில் அன்பு வற்றும்; என்றும் திறந்தே கிடக்கும் வாழ்வில் குரல் கேளாது. வற்றும் காலமும் பெருகும் காலமும் அறிந்து நடப்பார்க்கு வழி புலப்படும். அவ்வழியில் முதலடி எடுத்துவைத்தல் அவரவர் கடன்.